எட்டுத் தகடும் நூற்றுக்கணக்கான கண்களும்: கரீபியன் பாறைக் கைட்டனை எப்படி அடையாளம் காண்பது, எப்படிக் கவனிப்பது?

கேள்வி இது: கரீபியன் கரையோரச் சுண்ணாம்புப் பாறைகளில், கடல் வற்றியிருக்கும் நேரத்தில், முதுகில் எட்டுத் தகடு அடுக்கிய நீள்வட்ட உயிரி ஒன்று அசையாமல் ஒட்டிக்கிடக்கிறது. அதன் ஓட்டிலேயே கண்கள் இருப்பதாகச் சொல்வது உண்மையா? எந்த இனம் என்று எப்படி உறுதிசெய்வது? பெயர்த்தெடுத்துப் பார்க்கலாமா?

கண்கள் இருப்பது உண்மை. முழு வளர்ச்சியடைந்த ஒரு விலங்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பாறையின் மேல்மட்டத்தில், வெயில் படும் இடத்தில், விளிம்பெங்கும் முள் அடர்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் அகாந்தோப்ளூரா கிரானுலேட்டா என்ற கைட்டன். கைட்டன்கள் நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளில் ஒரு வகுப்பு. 1791இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் க்மெலின் பெயரிட்டு விவரித்த இனம். தெற்கு ஃபுளோரிடா, பஹாமாஸ் தொடங்கி மேற்கிந்தியத் தீவுகள், பனாமா, டிரினிடாட் வரை பரவியிருக்கிறது. பெயர்த்தெடுக்க வேண்டாம். இந்த விலங்கில் பார்க்கத் தகுந்த எல்லாமே அது பாறையில் ஒட்டியிருக்கும்போதுதான் தெரியும். பெயர்த்த மறுகணம் அது சுருண்டுவிடும், பல சமயம் காயமும் படும்.

அடையாளம் காணும்போது பலரும் தகடுகளையே உற்றுப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது தகடுகளைச் சுற்றி ஓடும் சதைப்பட்டையை. கிரானுலேட்டாவில் இந்தப் பட்டை அகலமானது. அதன்மேல் தடித்த, குட்டையான சுண்ணாம்பு முட்கள் நெருக்கமாக நிற்கும். சாம்பல் கலந்த வெள்ளையும் கறுப்பும் மாறிமாறிக் குறுக்குக் கட்டங்களாகத் தெரியும். அதே பாறையில் சற்றுக் கீழே, ஈரம் அதிகமுள்ள இடத்தில், கைட்டன் டியூபர்குலேட்டஸ் என்ற இன்னோர் இனம் இருக்கும். அதன் பட்டையில் முள் கிடையாது. பளபளப்பான செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும், பச்சைச் சாயல் தெரியும். கைட்டன் மார்மரேட்டஸ் இனத்துக்கும் செதில் பட்டைதான், ஆனால் தகடுகள் வழவழப்பாக மின்னும். செரட்டோசோனா ஸ்குவாலிடா என்ற இனத்தின் பட்டையில் முள்ளுமில்லை, செதிலுமில்லை, மயிர்க்கற்றைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே விரலால் தொடாமலேயே, முள்ளா செதிலா மயிரா என்று பார்த்தால் வேலை பாதி முடிந்துவிடும்.

தகடுகளை மட்டும் நம்பினால் ஏமாறுவதற்குக் காரணம் தேய்மானம். வயதான கிரானுலேட்டாவின் தகடுகளில் நடுப்பகுதி அரித்துப்போய், வடிவமே தெரியாத பழுப்புக் கட்டியாக இருக்கும். அதன்மேல் பாசியும், சில சமயம் கொட்டலசும் வளர்ந்திருக்கும். பாறையின் புடைப்பு என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். இளம் விலங்குகளில் தகட்டின் மேல் மணிமணியான புடைப்புகள் தெளிவாகத் தெரியும். இறந்த விலங்கின் தகடு கரையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள்: உட்புறம் நீலப்பச்சைச் சாயலும் நடுவில் கரும்பழுப்புத் திட்டும் இருக்கும். முழு வளர்ந்தது ஏறத்தாழ 7 செ.மீ. நீளம் வரும்.

லிம்பெட் நத்தையோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. லிம்பெட்டுக்குக் கூம்பு போன்ற ஒரே ஓடுதான். கைட்டனுக்கு எட்டு, தலைத்தகடு ஒன்று, வால்தகடு ஒன்று, இடையில் ஆறு. குஞ்சுப் பருவத்தில் ஏழு தகடுகளோடுதான் தொடங்கும், வால்தகடு பிறகுதான் உருவாகும். மிகச்சிறிய குஞ்சில் ஏழு எண்ணினால் வேறு இனம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இருக்கும் உயரமும் ஒரு துப்புத்தான். கரீபியனில் கடல் ஏற்றவற்றத்தின் உயர வித்தியாசம் பல இடங்களில் அரை மீட்டரைத் தாண்டாது. அதனால் மற்ற கடற்கரைகளில் பல மீட்டர் உயரத்துக்குப் பரந்திருக்கும் உயிர் அடுக்குகள் அங்கே ஒரு முழ அளவுக்குள் நெருங்கிக்கிடக்கும். எந்தப் பாறை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்பதைக் கடல்மட்டத்தைவிட அலைத்தெறிப்புத்தான் அதிகம் தீர்மானிக்கிறது. கிரானுலேட்டா இந்த அடுக்கில் மற்றக் கைட்டன்களைவிட மேலே இருக்கும். பகல் முழுக்க வெயிலில் காய்ந்தபடி கிடக்கும். பட்டையைப் பாறையோடு அழுத்தி மூடிக்கொள்வதால் உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் வெளியேறாது. செவுள்கள் அந்த ஈரத்தில்தான் பிழைக்கின்றன.

அடிப்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் அகன்ற பாதம், முன்னால் வாய், பாதத்துக்கும் பட்டைக்கும் இடையில் இருபுறமும் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் வரிசையாகச் செவுள்கள். நீரில் இருக்கும்போது பட்டையின் முன்பகுதியைச் சற்றே உயர்த்தி நீரை உள்ளே விடும். நீர் செவுள்களைக் கடந்து பின்பக்கமாக வெளியேறும். இந்தப் பள்ளத்துக்குள் நண்டுக்கு உறவான ஐசோபாடு என்னும் சிறிய உயிரிகள் குடியிருப்பதும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவின் கைட்டன்களை 1960களில் ஆராய்ந்த பீட்டர் கிளின் இந்தக் கூட்டுவாழ்வை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். தலை என்று சொல்லத்தக்க இடத்தில் கண்ணும் கிடையாது, உணர்கொம்பும் கிடையாது. வெளியுலகை அறியும் வேலை முதுகுக்கு வந்துவிட்டது.

இனி அந்த முதுகு.

எல்லாக் கைட்டன்களின் ஓட்டிலும் மேலடுக்கு முழுக்க நுண்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் உயிருள்ள திசுவும் நரம்பும் இருக்கின்றன. இவற்றுக்கு ஈஸ்தீட் என்று பெயர். அதாவது கைட்டனின் ஓடு வெறும் மூடி அல்ல, உணரும் உறுப்பு. கிரானுலேட்டாவில் ஈஸ்தீட்களுக்கு இடையிடையே முழுமையான கண்கள் உள்ளன: மேலே ஒரு வில்லை (லென்ஸ்), அடியில் ஒரு சிறு குழி, குழிக்குள் ஏறத்தாழ நூறு ஒளியுணர் செல்கள் கொண்ட விழித்திரை. வில்லையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

வியப்பான செய்தி அந்த வில்லை எதனால் ஆனது என்பது. நம் கண்ணின் வில்லை புரதம். இதன் வில்லை அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், ஓடு எந்தக் கனிமமோ அதே கனிமம். 2011இல் உயிரியலாளர் டேனியல் ஸ்பைசரும் உடன் பணிபுரிந்தவர்களும் இதை உறுதிசெய்தார்கள். ஓடு ஒளியைச் சிதறடித்து மங்கலாக இருக்கையில், அதே பொருளாலான வில்லை ஒளியை ஊடுருவ விடுவது எப்படி? 2015இல் எம்.ஐ.டி., ஹார்வர்ட் ஆய்வாளர்கள் லிங் லி முதலானோர் இதற்கு விடை கண்டார்கள். வில்லையில் உள்ள படிகத் துணுக்குகள் பெரியவை, ஒரே திசை நோக்கி அடுக்கப்பட்டவை. அதனால் ஒளி சிதறுவது குறைகிறது. அந்த வில்லைகளைத் தனியே பிரித்தெடுத்து அவற்றின் வழியே பிம்பம் விழவைத்தும் காட்டினார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. வில்லைக்கு அடியிலுள்ள குழி ஓட்டைப் பலவீனப்படுத்துகிறது. கண் இருக்கும் இடத்தில் ஓடு எளிதில் உடைகிறது என்பதை அதே 2015 ஆய்வு அளந்து காட்டியது. விலங்கு இதைச் சமாளிக்கும் விதம் அழகானது: கண்கள் மேடுகளில் இல்லை, மணிபோன்ற புடைப்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் இருக்கின்றன. அலை உருட்டிவரும் கல்லோ நண்டின் இடுக்கியோ முதலில் படுவது கண்ணில்லாத புடைப்பில்தான். கவசமும் பார்வையும் ஒரே பொருளில், ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து அமைந்திருப்பதால்தான் இந்த விலங்கு பொருளறிவியலாளர்களையும் உயிரியலாளர்களையும் ஒருசேர ஈர்க்கிறது.

கண்கள் ஒரே நாளில் உருவாவதில்லை. தகடு விளிம்பில் வளர வளர, விளிம்போரம் புதுக்கண்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். பழைய கண்கள் ஓட்டோடு தேய்ந்து அழியும். ஆகவே வயதான விலங்கின் தகட்டு நடுவில் கண் தேடினால் கிடைக்காது. தகடுகளின் பக்கப்பகுதிகளிலும் ஓரங்களிலும், தலைத்தகட்டிலும் தேடுங்கள். கண்கள் இல்லை என்று பலர் திரும்பிவிடுவதற்கு இதுதான் காரணம்.

அவற்றைப் பார்க்க 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை போதும், 20 மடங்கு இருந்தால் நல்லது. முதலில் தகட்டின்மேல் கொஞ்சம் கடல்நீரைச் சொட்டுங்கள். காய்ந்த தகட்டில் உப்புப்பூச்சும் ஒளிச்சிதறலும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். விளக்கை நேர்மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அப்போது புடைப்புகளின் நிழல் ஒருபுறம் சாயும், அவற்றின் இடைவெளியில் சிறுசிறு கரும்புள்ளிகள் தெரியும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மினுக்கம் இருக்கும். விளக்கை மெல்ல அசைத்தால் மினுக்கமும் நகரும். நகராத கரும்புள்ளி வெறும் நிறமி அல்லது பாசி. படம் எடுப்பதென்றால் ஃபிளாஷை கேமராவிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் வையுங்கள்; துருவமாக்கும் வடிகட்டி இருந்தால் நீர்ப்பளபளப்பு குறையும், ஆனால் முழுவதும் போக்கிவிட்டால் வில்லையின் மினுக்கமும் சேர்ந்து போய்விடும்.

இந்தக் கண்கள் எவ்வளவு பார்க்கின்றன? 2011 ஆய்வில் விலங்குக்கு மேலே 20 செ.மீ. உயரத்தில் கறுப்பு வட்டங்களைத் தோன்றச் செய்தார்கள். 3 செ.மீ. அகல வட்டத்துக்கே அது பட்டையைக் கீழே அழுத்திக்கொண்டது. ஏறத்தாழ 9 பாகைக் கோணம் அது. அதே அளவுக்கு வெளிச்சத்தை மட்டும், எல்லாப் பக்கமும் சமமாக, குறைத்தபோது அப்படிச் செய்யவில்லை. வெளிச்சம் குறைவதையும் ஒரு பொருள் தோன்றுவதையும் அது பிரித்தறிகிறது என்பதற்கு இதுவே சான்று. வில்லையின் ஒளியியலை மட்டும் கணக்கிட்டால் 20 செ.மீ. நீளமுள்ள மீனை 2 மீட்டர் தொலைவில் பிம்பமாக்க முடியும் என்று 2015 ஆய்வு சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது: ஒன்று வில்லை எதைக் காட்டக்கூடும் என்பது, மற்றது விலங்கு எதற்கு எதிர்வினை காட்டியது என்பது.

இந்தச் சோதனையை நீங்களும் பாறையிலேயே செய்யலாம். 9 பாகை என்பதை நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பொருளின் அகலம், அது இருக்கும் தொலைவில் ஆறில் ஒரு பங்கு. 8 செ.மீ. அகல அட்டை என்றால் அரை மீட்டர் தொலைவுக்குள் வர வேண்டும். ஆழமில்லாத நீரில் இருக்கும், அமைதியாக முன்பட்டையைத் தூக்கி வைத்திருக்கும் விலங்கைத் தேர்ந்தெடுங்கள். பட்டை முழுக்கப் படிந்திருப்பதில் சோதனை செய்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே பயந்துவிட்டது. உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். குறைந்தது பத்து நிமிடம் அசையாதீர்கள். பிறகு கறுப்பு அட்டையை ஒரு குச்சியில் கட்டி, பக்கவாட்டிலிருந்து மெல்ல அதன் மேலே கொண்டுவாருங்கள். முன்பட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சட்டென்று இறங்குவதுதான் விடை. பெரிய அசைவை எதிர்பார்த்தால் அதைத் தவறவிடுவீர்கள்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் சில. அட்டையை வேகமாக ஆட்டினால் காற்றும் நீரலையும் தொட்டுவிடும். அது தொடுவுணர்வுக்கு இறங்கியதா பார்வைக்கு இறங்கியதா என்று பிரிக்க முடியாது. அதே அகலமுள்ள கண்ணாடித்தாளைக் கட்டி ஒருமுறை செய்துபாருங்கள். அதற்கும் இறங்கினால் சோதனை செல்லாது. அடுத்தது, ஒரே விலங்கிடம் திரும்பத்திரும்பச் செய்தால் அது பழகிக்கொண்டு இறங்குவதை நிறுத்திவிடும். ஒரு தடவை செய்துவிட்டு அடுத்த விலங்குக்குப் போவதே மேல். நிழல் பட்டால் கண்ணில்லாத கைட்டன் இனங்களும் பட்டையை இறக்கும், ஈஸ்தீட்களே ஒளியை உணரும். ஆகவே நிழலுக்கு இறங்கியதை வைத்துக் கண் இருக்கிறது என்று முடிவுசெய்ய முடியாது. அட்டை விலங்கின்மேல் நிழல் வீழ்த்தாமல், வானத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும்படி பிடிப்பதுதான் இதில் நுணுக்கம்.

கைட்டன் என்றாலே பல கோடி ஆண்டுகளாக மாறாத பழைய விலங்கு என்று எழுதுகிறார்கள். ஏறத்தாழ 49 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கேம்பிரியன் காலத்தின் இறுதியிலிருந்தே இந்த வகுப்பின் தொல்லுயிர் எச்சங்கள் கிடைப்பது உண்மை. ஆனால் கண்கள் அவ்வளவு பழையவை அல்ல. கைட்டன்களில் பார்வை உறுப்புகள் நான்கு முறை தனித்தனியே தோன்றியதாக 2024இல் வெளியான மரபுவழி ஆய்வு காட்டியது: வில்லையுள்ள ஓட்டுக்கண்கள் இருமுறை, அதைவிட எளிய கண்புள்ளிகள் இருமுறை. தகட்டின் ஓரத்தில் நரம்புகள் நுழையும் பிளவுகள் அதிகமுள்ள கிளைகளில் கண்புள்ளிகளும், குறைவாக உள்ள கிளைகளில் ஓட்டுக்கண்களும் உருவாகியிருக்கின்றன. மாறாத விலங்கு என்ற பட்டம் இவற்றுக்குப் பொருந்தாது.

பற்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாய்க்குள் ராடுலா என்ற அராவும் நாக்கு ஒன்று நீண்ட நாடாபோல் இருக்கிறது. அதில் குறுக்கு வரிசைகள், வரிசைக்கு 17 பற்கள். அவற்றில் ஒரு ஜோடிப் பற்களின் முனை மட்டும் கன்னங்கறுப்பாக இருக்கும். அது மேக்னடைட், இரும்பின் காந்தத் தாது. உயிருள்ள ஒன்று மேக்னடைட்டை உருவாக்க முடியும் என்பதே 1962இல் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் கைட்டன் பற்களை ஆராய்ந்தபோதுதான் முதன்முதலாகத் தெரிந்தது. சுண்ணாம்புப் பாறையின் முக்கியக் கனிமமான கால்சைட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் 3, மேக்னடைட்டுக்கு 5.5 முதல் 6.5 வரை. பாறையைச் சுரண்டித் தின்ன முடிவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

அது பாறைக்காகப் பாறையைத் தின்பதில்லை. உணவு, பாறைப்பரப்பில் படர்ந்த பாசிப்படலமும், பாறைக்குள்ளேயே துளைத்து வாழும் நுண்பாசிகளும் நீலப்பச்சை நுண்ணுயிர்களும். உள்ளே இருப்பதை எடுக்க மேலே இருக்கும் கல்லையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கிறது. அதனால் குடலில் கற்பொடி நிறைந்திருக்கும், கழிவும் வெளிறிய சுண்ணாம்புத் துண்டுகளாக விழும். ஆண்டுகள் போகப்போக அந்தப் பாறை கரைந்துகொண்டே வருகிறது. கரீபியனில் அயர்ன்ஷோர் என்று அழைக்கும், கத்திமுனைகளாக அரித்த கரும்பாறைக் கரைகள் உருவாவதில் இதுபோன்ற மேய்ச்சல் உயிர்களின் பங்கு உண்டு.

பற்கள் முன்வரிசையில் தேய்ந்து உதிரும். பின்னாலிருந்து புது வரிசைகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ராடுலாவைப் பின்னாலிருந்து முன்னால் வரை பார்த்தால் ஒரு பல் பிறந்து முதிர்வது ஒரே நாடாவில் வரிசையாகத் தெரியும்: முதலில் கைட்டின் என்ற பொருளாலான (பூச்சிகளின் மேலோட்டில் இருப்பதும் இதுதான்) நிறமற்ற பற்கள், அடுத்து இரும்பு ஏறிய செம்பழுப்பு, கடைசியில் கறுப்பு. செம்பழுப்பு நிலையில் இருப்பது ஃபெரிஹைட்ரைட் என்ற இரும்புச்சேர்மம். அது பிறகு மேக்னடைட்டாக மாறுகிறது. இந்த இனத்தின் மரபணுத்தொகுதி 2021இல் வெளியானது, கைட்டன்களிலேயே முதலாவது. ஏறத்தாழ 60 கோடி டி.என்.ஏ. கார இணைகள் கொண்டது அது. இரும்பைச் சேமித்துக் கடத்தும் ஃபெரிட்டின் மரபணுக்களுக்கு அந்த ஆய்வு தனி இடம் கொடுத்திருப்பது இந்தப் பற்களுக்காகத்தான்.

இறந்த விலங்கு ஏதேனும் முறையாகக் கிடைத்தால் ராடுலாவைப் பிரித்துப் பார்க்கலாம். வாய்ப்பகுதியை அறுத்தெடுத்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சதை கரைந்து நாடா மட்டும் மிஞ்சும். நல்ல நீரில் பலமுறை அலசி, வலுவான காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் கறுப்புப் பற்கள் நாடாவையே இழுத்துக்கொண்டு காந்தத்தை நோக்கி நகரும். அமிலம் எதையும் பயன்படுத்த வேண்டாம். தகட்டுக்கும் இதே எச்சரிக்கை: பாசியைப் போக்கப் பலர் வினிகரில் ஊறவைக்கிறார்கள். அரகோனைட் அமிலத்தில் கரையும். மேல்தோற்றம் பளிச்சென்று ஆகும், கண்வில்லைகள் காணாமல் போயிருக்கும். நல்ல நீரும் மெல்லிய தூரிகையும் போதும்.

நடமாட்டத்தைப் பார்க்க விரும்பினால் பகலில் போய்ப் பயனில்லை. கிரானுலேட்டா பெரும்பாலும் இரவில், பாறை ஈரமாக இருக்கும் வற்று நேரத்தில் மேய்கிறது. பகலில் பாறைப்பள்ளத்தில் அடங்கிக்கிடக்கும். பல விலங்குகள் மேய்ந்துவிட்டுத் தம் பழைய பள்ளத்துக்கே திரும்பும். எல்லாமே தவறாமல் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, பொழுது சாய்ந்தபின் வரும் வற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அப்போதே விலங்குகள் இருக்கும் இடங்களைக் குறித்துவைத்தால் எது எங்கே போனது என்று தொடரலாம். தலைவிளக்கை மங்கலாக வையுங்கள். ஒளியை நேரே அதன்மேல் பாய்ச்சாமல் பக்கத்துப் பாறையில் விழவிட்டுப் பாருங்கள். புதிதாக மேய்ந்த தடம் சுற்றியுள்ள பாறையைவிட வெளிறியிருக்கும். கைவில்லையில் பார்த்தால் இணையிணையான சுரண்டல் கீறல்கள் தெரியும். அலை பெரிதாக இருக்கும் நாளில் போக வேண்டாம், கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம், தடித்த அடியுள்ள காலணி இல்லாமல் அயர்ன்ஷோரில் கால்வைக்க வேண்டாம்.

பெயர்ப்பது பற்றி. விரலை அடியில் நுழைத்து நெம்பினால் என்ன ஆகும்? பட்டையைத் தொட்ட உடனே அது பாதத்தையும் பட்டையையும் பாறையோடு அழுத்தி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் இழுத்தால் பாறை விடாது, பாதத்தின் சதைதான் கிழியும்; அல்லது பட்டை தகட்டிலிருந்து பிரியும். கத்திமுனையால் குத்தினால் தகட்டு விளிம்பு உடையும், புதுக்கண்கள் இருக்கும் இடமே அதுதான். இப்படிக் காயம்பட்டதைத் திரும்ப வைத்தாலும் சரியாக ஒட்ட முடியாமல் அடுத்த அலையில் உருண்டுபோகும். மீனுக்கும், கைட்டன்களைத் தின்னும் பர்பியுரா படுலா நத்தைக்கும் அது எளிய இரை.

அனுமதி பெற்ற ஆய்வுக்காக எடுத்தே ஆக வேண்டும் என்றால், அது உஷாராவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். விளிம்பு மழுங்கிய மெல்லிய தட்டையான கரண்டியைப் பக்கவாட்டிலிருந்து, பாறையை ஒட்டி, ஒரே வீச்சில் பாதத்துக்கடியில் செலுத்துங்கள். முதல் முயற்சி தவறினால் அந்த விலங்கை விட்டுவிடுங்கள். இரண்டாவது முயற்சியில்தான் பெரும்பாலான காயங்கள் நேர்கின்றன. கையில் வந்ததும் மரவட்டை போலச் சுருளும். விரித்துப் பார்க்க முயல வேண்டாம், தகடுகளை இணைக்கும் தசை அறுந்துவிடும். ஈரத்துணியில் நிழலில் வையுங்கள். திரும்ப வைக்கும்போது எடுத்த அதே இடத்தில், ஈரமான பாறையில், பாதம் கீழே இருக்கும்படி வைத்து, அது விரிந்து தானாகப் பிடிக்கும்வரை கையை அணைத்துப் பிடித்திருங்கள். மெல்ல விரலால் தள்ளி, நகரவில்லை என்றால் மட்டுமே கையை எடுங்கள்.

எண்ணிக்கை எடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 50 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டம் வசதியானது. கடல்மட்டத்திலிருந்து மேலே போகும் கோட்டில் தொடர்ச்சியாக வையுங்கள், விருப்பம்போல் இடம் தேர்ந்தெடுத்தால் விலங்கு உள்ள இடத்துக்கே கை போகும். பிளவுகளை விளக்கடித்துப் பார்க்காமல் எண்ணினால் சிறியவை அத்தனையும் விடுபடும். உடல் நீளத்தை மட்டும் அளப்பதில் சிக்கல் இருக்கிறது: பாறையின் வளைவுக்கேற்ப உடல் வளையும், பட்டை விரிந்து சுருங்கும். அதனால் நீளத்தோடு நான்காம் தகட்டின் அகலத்தையும் அளவெடுங்கள், தகடு சுருங்காது. அடையாளக்குறி ஒட்டுவதென்றால் தகட்டைத் துடைத்துக் காயவிட்டு, ஏற்கெனவே தேய்ந்துபோன நடுப்பகுதியில் சிறு எண்ணட்டையைச் சயனோஅக்ரிலேட் பசையால் (சூப்பர் க்ளூ) ஒட்டுங்கள். பக்கப்பகுதியில் வண்ணம் பூசினால் கண்களை மூடிவிடுகிறீர்கள், ஈஸ்தீட்களையும் அடைக்கிறீர்கள். பிறகு அந்த விலங்கின் நடத்தையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அருங்காட்சியகத்துக்கான மாதிரி சுருண்ட நிலையில் இறுகிவிட்டால் அளக்கவும் முடியாது, படமெடுக்கவும் முடியாது. அதைத் தவிர்க்க, உயிரோடு இருக்கும்போதே கண்ணாடித் தகட்டின்மேல் ஊர்ந்து பரவ விடுங்கள். பிறகு மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளரவையுங்கள்: ஒரு லிட்டர் நல்ல நீரில் 75 கிராம் ஹெக்சாஹைட்ரேட் உப்பு, அதோடு சம அளவு கடல்நீர். பட்டையைத் தொட்டாலும் இறுகாத நிலை வந்ததும் துணிநாடாவால் கண்ணாடியோடு தளர்வாகக் கட்டி ஆல்கஹாலில் இடலாம். டி.என்.ஏ. தேவையென்றால் 95 சதவீத ஆல்கஹால், உடலமைப்புக்கு 70 முதல் 80. அமிலத்தன்மையைச் சரிக்கட்டாத ஃபார்மலினில் நெடுநாள் வைத்தால் தகடு மெல்ல அரிக்கும். தளரவைக்காமல் நேரே ஆல்கஹாலில் போட்டால், கண்ணாடியில் எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும் தசை சுருங்கித் தகடுகளையே ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடும்.